கோழிக்கோட்டில் டயட்டீஷியன் இன்டர்ன்ஷிப்: எப்படித் தயாராவது?

உங்கள் கேள்வி சுருக்கமாக இது. எம்.எஸ்சி. முடித்திருக்கிறீர்கள். ஊர் கும்பகோணம், வீட்டில் சைவம். அடுத்த மாதம் கோழிக்கோட்டில் ஒரு மருத்துவமனையில் ஆறு மாத இன்டர்ன்ஷிப் தொடங்குகிறது. மலையாளம் தெரியாது. பிரியாணி, பொறோட்டா, ஹல்வா என்று அந்த ஊரைப் பற்றிக் கேள்விப்பட்டதெல்லாம் நெய்யும் எண்ணெயும் இனிப்புமாக இருக்கிறது. அங்குள்ள நோயாளிகளுக்கு என்ன டயட் சொல்வது, புறப்படும் முன் எதைப் படிப்பது?

நான் கரூர்க்காரி. பதினைந்து வருடத்துக்கு முன் நீங்கள் போகும் அதே கோழிக்கோட்டில் ஆறு மாதம் இருந்தேன். இப்போது கோவையில் வேலை. வருடத்துக்கு நாலைந்து இன்டர்ன்கள் என்னோடு வார்டுக்கு வருகிறார்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பாடம் உங்களுக்குத் தெரியும். டயாலிசிஸ் நோயாளிக்கு எவ்வளவு புரதம், சர்க்கரை நோயாளிக்கு எவ்வளவு மாவுச்சத்து என்பது கோழிக்கோட்டில் மாறிவிடப் போவதில்லை. உங்களுக்குத் தெரியாதது ஒன்றுதான்: அங்கே ஒருவர் ‘சாப்பிட்டேன்’ என்றால் எதை, எவ்வளவு சாப்பிட்டார் என்பது. முதல் இரண்டு வாரத்தை அதற்கே கொடுத்துவிடுங்கள். அந்த இரண்டு வாரமும் யாருக்கும் எதையும் ‘வேண்டாம்’ என்று சொல்ல வேண்டாம். கேளுங்கள், பாருங்கள், எழுதுங்கள். போதும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நான் அதைச் செய்யவில்லை. வந்த எட்டாவது நாளோ ஒன்பதாவது நாளோ, ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் உம்மா, காலில் புண்ணோடு படுத்திருந்தார். வெறும்வயிற்றுச் சர்க்கரை ஓரளவு அடங்கியிருந்தது. காலைச் சாப்பாட்டுக்குப் பின் பார்த்தால் 300-ஐத் தாண்டும். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று தட்டுத்தடுமாறிக் கேட்டேன். “சாய குடிச்சு மோளே” என்றார். டீ குடித்திருக்கிறார் என்று எழுதிக்கொண்டேன். பாலோடு ஒரு கிளாஸ், சர்க்கரை இல்லை. மூன்று நாளும் அதே கேள்வி, அதே பதில், அதே குறிப்பு. இன்சுலினைக் கூட்டலாமா என்று டாக்டர் யோசிக்கும் நேரத்தில் வார்டு சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு, கட்டிலுக்குக் கீழே இருந்த கேரியரைத் திறந்து காட்டினார். மேல் அடுக்கில் தேங்காய்ப்பாலில் முக்கி எடுத்த பத்திரி, அதாவது அரிசிமாவு ரொட்டி, ஆறோ ஏழோ. நடு அடுக்கில் கோழிக்கறி. அடியில் இரண்டு பழம்பொரி. மகள் தினமும் காலையில் கொண்டுவருவது. மலபாரில் ‘காலைச் சாய’ என்றால் காலைச் சாப்பாடுதான். உம்மா என்னிடம் எதையும் மறைக்கவில்லை. கேட்டதற்குச் சரியாகத்தான் பதில் சொன்னார். எனக்குத்தான் காதில் விழவில்லை. அன்று டோஸ் கூடியிருந்தால், பிறகு மகள் வராத ஒருநாள் சர்க்கரை எங்கே போய் இறங்கியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன்.

மலையாளம் நமக்குப் பாதி புரிவது போல இருக்கும். ஆபத்தே அந்தப் பாதியில்தான். ஹிந்தியோ வங்காளமோ என்றால் புரியவில்லை என்று உடனே கேட்போம். மலையாளத்தில் புரிந்துவிட்டதாக எண்ணி எழுதிவிடுவோம். ‘கழிச்சோ?’ என்றால் சாப்பிட்டாயா என்று கேட்கிறார்கள். நம் ஊரில் கழிச்சல் என்றால் வேறு; அங்கே அதற்கு ‘வயறிளக்கம்’. வெள்ளம் என்றால் குடிக்கும் தண்ணீர். கறி என்றால் குழம்பு வகை எதுவும். நம் கறி அங்கே ‘இறச்சி’. செம்மீன் என்பது இறால். மரவள்ளிக் கிழங்கைப் புத்தகத்தில் ‘கப்ப’ என்று படித்திருப்பீர்கள், கோழிக்கோடு, மலப்புறம் பக்கம் ‘பூள’ என்பார்கள். பப்பாளிக்கு ‘கர்மூஸ’. மதியச் சாப்பாட்டுக்கு ‘ஊண்’. கடை வாசலில் அந்தப் போர்டைப் பார்த்து இறைச்சி என்று பயந்துவிடாதீர்கள், பழந்தமிழில் நமக்கும் ஊண் என்றால் உணவுதான்.

உப்பேரி என்ற சொல்லிடம் தனியாக எச்சரிக்கையாக இருங்கள். தெற்கே, திருவாங்கூர்ப் பக்கத்தில், உப்பேரி என்றால் நேந்திரங்காய் சிப்ஸ். மலபாரில் உப்பேரி என்றால் காய்ப் பொரியல். ‘மதியம் சோறும் உப்பேரியும்’ என்று ஒருவர் சொன்னால் அவர் கோழிக்கோட்டுக்காரரா, கொல்லத்திலிருந்து வந்து தங்கியிருப்பவரா என்று தெரியாமல் கலோரி போடவே முடியாது. பீன்ஸ் பொரியலைச் சிப்ஸ் என்று எழுதி, ஒரு நல்ல பழக்கத்தை நிறுத்தச் சொல்லிவிட்ட இன்டர்னை எனக்குத் தெரியும்.

ஒரு பாக்கெட் நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் அவர்கள் சொல், அடுத்த பக்கம் அது என்ன, எப்படிச் செய்கிறார்கள், ஒருவர் ஒரு வேளைக்கு எவ்வளவு எடுக்கிறார். நான் கொண்டுபோன புத்தகங்களைவிட அந்த நோட்டைத்தான் அதிகம் புரட்டினேன்.

அடுத்து அளவு. நம் பயிற்சியில் கப், டேபிள்ஸ்பூன் என்று பேசுவோம். அங்கே புட்டுக்குக் குழாய்க் கணக்கு. ஒரு ‘குற்றி’ புட்டு என்றால் ஒரு குழாய் முழுக்க. அதற்கு ஏறக்குறைய ஒரு டம்ளர் அரிசிமாவு போகும். அடுக்கடுக்காகப் போடும் தேங்காய்த் துருவலோடு சேர்த்தால் 500 கலோரியைச் சாதாரணமாகத் தொடும். இதில் ‘பாதிக் குற்றி புட்டு, கூடக் கொஞ்சம் அதிகமாகக் கடலைக்கறி’ என்று சொன்னால் அவருக்குச் சட்டென்று புரியும். ‘60 கிராம் மாவுச்சத்து’ என்றால் தலையாட்டிவிட்டு வீட்டில் முழுக் குற்றியே சாப்பிடுவார். குழம்புக்கு ‘கயில்’, அதாவது கரண்டி. எந்த வீட்டுக் கயில் எவ்வளவு பெரிது என்பது வேறு கதை. ஆகவே கையால் காட்டச் சொல்லுங்கள், பாத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

இந்த அளவெல்லாம் பிடிபடும் இடம் டயட் கிச்சன். பல இன்டர்ன்கள் அங்கே ட்ரே சரிபார்த்துக் கையெழுத்துப் போட மட்டும் போகிறார்கள். நீங்கள் விடியற்காலையில் அடுப்பு மூட்டும்போது போய் நில்லுங்கள். நான் இருந்த இடத்தில் தலைமைச் சமையல்காரர் ஒரு சேட்டன், அறுபதை நெருங்கியவர். கொழுப்பு குறைக்க வேண்டிய நோயாளிகளின் லிஸ்டை நீட்டி, ‘தேங்காய் இல்லாமல் வேண்டும்’ என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் இரண்டு பாத்திரத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்றில் திக்காக, விரலில் ஒட்டும் வெள்ளையில் ஒன்னாம் பால். இன்னொன்றில் அதே துருவலில் தண்ணீர் ஊற்றி மறுபடி பிழிந்த ரெண்டாம் பால், மோர் மாதிரி. “இதில் வேகவைக்கிறேன், அதை உன் ஆட்களுக்கு ஊற்றாமல் விட்டுவிடுகிறேன்” என்றார். கறிக்கு வாசனையும் இருந்தது, தட்டும் காலியாகத் திரும்பி வந்தது.

உங்களுக்கு நான் சொல்ல வந்ததே அதுதான். மலபார்ச் சமையலில் கனமான ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே அதன் லேசான வடிவம் ஏற்கெனவே இருக்கிறது. அதைக் கண்டுபிடித்து எடுத்துக்கொடுப்பதுதான் உங்கள் வேலை. நெய்ப்பத்திரியும் இறச்சிப்பத்திரியும் பொரிப்பவை. ஆனால் சாதாரண அரிப்பத்திரி எண்ணெயே இல்லாமல் கல்லில் சுடுவது, தாள் போல மெல்லியது. அதைத் தேங்காய்ப்பாலில் முக்காமல், எண்ணி மூன்று சாப்பிடச் சொல்லலாம். மீன்கறியில் தேங்காய் அரைத்தது ஒன்று, ‘முளகிட்டது’ ஒன்று. முளகிட்டதில் தேங்காயே கிடையாது, மிளகாயும் புளியும்தான். மத்தி முளகிட்டது விலை மலிவு, ஒமேகா-3 நிறைய, எல்லோருக்கும் பிடிக்கும். ‘தேங்காயை நிறுத்துங்கள்’ என்பதற்கும் ‘இந்த வாரம் மத்தி முளகிட்டது வையுங்கள்’ என்பதற்கும் இருக்கும் தூரம் பெரிது. முதலாவதைக் கேட்டவர் அடுத்த முறை ஓ.பி.க்கு வரமாட்டார். கஞ்சியும் பயறும் இன்னொரு நல்ல உதாரணம். தானியமும் பருப்பும் சேர்ந்த முழுச் சாப்பாடு, ஏழை வீட்டிலும் உண்டு. ஓட்ஸை எழுதும் முன் அதை எழுதுங்கள்.

தேங்காய் எண்ணெய் பற்றி அங்கே வாதம் செய்ய வேண்டாம். பிடித்த பிடியை விடமாட்டார்கள், அதில் அவர்களுக்கு நியாயமான பெருமையும் இருக்கிறது. அளவைப் பேசுங்கள். வீட்டில் எத்தனை பேர், மாதம் எத்தனை லிட்டர் வெளிச்செண்ண என்று கேட்டால் போதும். நான்கு பேருக்கு மூன்று லிட்டர் என்றால், தலைக்கு ஒரு நாளைக்கு 25 மில்லி. அதில் மட்டும் சுமார் 20 கிராம் நிறைவுற்ற கொழுப்பு. 2000 கலோரி சாப்பிடுபவருக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் பத்து சதவீத வரம்பே 22 கிராம்தான். தேங்காய்ப்பால், துருவல், இறைச்சி எதுவும் இன்னும் கணக்கில் வரவில்லை. இந்தக் கணக்கை அவர்கள் முன்னாலேயே ஒரு தாளில் போட்டுக் காட்டினால், மூன்று லிட்டரை இரண்டாக்கலாம் என்று பெரும்பாலும் அவர்களே சொல்வார்கள்.

குத்தரிச் சோற்றைப் பற்றியும் ஒரு நம்பிக்கை உண்டு: சிவப்பு மட்ட அரிசி சர்க்கரையை ஏற்றாது என்று. புழுங்க வைக்கும்போது தவிட்டிலுள்ள பி1 வைட்டமின் அரிசிக்குள் இறங்குகிறது. தவிடு முழுக்கப் போகாததால் நார்ச்சத்தும் வெள்ளை அரிசியைவிட அதிகம். அது உண்மை. (பி1 குறைவால் வரும் பெரிபெரி நோய், புழுங்கலரிசி சாப்பிட்ட பகுதிகளை அவ்வளவாகத் தொடவில்லை என்பது நம் துறையின் பழைய பாடம். ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமே 1918-இல் குன்னூரில், மெக்கரிசன் என்ற மருத்துவர் நடத்திய பெரிபெரி ஆய்வாகத்தான் தொடங்கியது.) ஆனால் குவித்துப் போட்ட மட்டச் சோறும் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். 2023-இல் வெளிவந்த, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) இண்டியாப் ஆய்வில் நாடு முழுவதும் வயதுவந்தவர்களில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய், கேரளத்தில் 25.5. நாலு கட்டிலுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டே வார்டுக்குள் போங்கள்.

சிறுநீரக வார்டில் கவனிக்க மூன்று விஷயம். முதலாவது இளநீர். பார்க்க வருபவர்கள் அன்போடு வெட்டிக் கொண்டுவருவார்கள், ‘உடம்புக்குக் குளிர்ச்சி’ என்று. ஒரு பெரிய இளநீரில் 500 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம் வந்துவிடும். டயாலிசிஸில் இருப்பவருக்கு நாள் முழுவதற்கும் பெரும்பாலும் 2000-ஐ ஒட்டித்தான் அனுமதி. நோயாளியிடம் மட்டும் சொல்லிப் பயனில்லை, பார்க்க வரும் ஒவ்வொருவரிடமும் சொல்ல வேண்டும். நேந்திரம்பழம், பலாப்பழத்துக்கும் இதே கவனம். பூளக்கிழங்கைச் சின்னத் துண்டாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்தால் பொட்டாசியம் குறையும். வடிக்கும் பழக்கம் அங்கே ஏற்கெனவே உண்டு என்பது நமக்கு வசதி.

இரண்டாவது உப்பு. ஊறுகாய், பப்படம், உணக்கமீன் (கருவாடு) எல்லாம் கேட்பீர்கள். கேட்க மறப்பது ‘உப்பிலிட்டது’. ஒரு மாலை கோழிக்கோடு கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள், வரிசையாகக் கண்ணாடி பாட்டில்களில் நெல்லிக்காய், மாங்காய், அன்னாசி, கேரட் எல்லாம் உப்புத் தண்ணீரில் ஊறிக்கொண்டிருக்கும். அதைப் பழம் என்று சொல்வார்களே தவிர உப்பு என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

மூன்றாவது தண்ணீர். ‘ஒரு நாளைக்கு எத்ர வெள்ளம் குடிக்கும்?’ என்று கேட்டால் வெள்ளத்தை மட்டும் சொல்வார்கள். கஞ்சி, மோர், பால் சேர்க்காத சுலைமானி டீ, சோற்றோடு இளஞ்சூடாகக் குடிக்கும் சிவந்த பதிமுகத் தண்ணீர் எதுவும் அந்தப் பதிலில் இருக்காது. ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

நீங்கள் சைவம் என்று எழுதியிருந்தீர்கள். அது உங்கள் உரிமை, யாரும் குறையாகப் பார்க்கமாட்டார்கள். சேர்ந்த முதல் நாளே உங்கள் சூப்பர்வைசரிடம் சொல்லிவிடுங்கள், அசைவ ட்ரேயை ருசி பார்க்க வேறொருவரை ஏற்பாடு செய்வார்கள். ஆனால் ஒன்று. ஒரு நோயாளி ‘பீஃப் வரட்டியது’ என்ற வறுவலைப் பற்றி ஆசையாகச் சொல்லும்போது உங்கள் முகத்தில் ஒரு சின்னச் சுளிப்பு வந்தாலும் அவர் அதோடு உங்களிடம் உண்மை பேசுவதை நிறுத்திவிடுவார். எத்தனை நாளுக்கு ஒருமுறை, எத்தனை துண்டு, கொழுப்போடா, எலும்போடா, குழம்பா, வரட்டியதா என்று இட்லியைப் பற்றிக் கேட்பது போலவே கேட்டுப் பழகுங்கள். ரத்தசோகையோடு வரும் பெண்ணுக்கு அதே இறைச்சியும், ஈரலும், கல்லும்மக்காய் என்ற கடல் சிப்பியும் நல்ல மருந்து. இரும்பும் பி12-உம் தாராளம். கல்லும்மக்காயை, அரிசிமாவு அடைத்துப் பொரித்த அரிக்கடுக்காவாக வேண்டாம், அவித்துக் கறியாக வையுங்கள் என்று சொல்லத் தெரிந்தால் போதும். அதற்கு நீங்கள் அதைச் சாப்பிட வேண்டிய அவசியமில்லை, செய்முறை தெரிய வேண்டும். கிச்சனில் நின்றால் தெரிந்துவிடும்.

உங்கள் ஆறு மாதத்துக்குள் நோன்பு மாதம் வந்தால், அதைவிடப் பெரிய பாடம் கிடைக்காது. சர்க்கரை நோயாளி நோன்பு பிடிக்கலாமா என்பது டாக்டர் முடிவெடுக்க வேண்டியது, அதுவும் ஒன்றிரண்டு மாதம் முன்பே. மருந்தின் அளவும் நேரமும் மாற வேண்டியிருக்கும். நம் பங்கு இரண்டு வேளைச் சாப்பாடு. விடியலுக்கு முன்னான இடயத்தாழத்தைத் தவிர்க்காமல், முடிந்தவரை கடைசி நேரத்தில், முட்டையோ பயறோ சேர்த்துச் சாப்பிட வைப்பது ஒன்று. நோன்பு துறக்கும்போது ஒரு பேரீச்சம்பழமும் தண்ணீரும், பிறகு தரிக்கஞ்சியோ ஜீரகக்கஞ்சியோ, மேசை நிறைய இருக்கும் உன்னக்காய், சமூசா, சட்டிப்பத்திரி போன்ற பலகாரங்களில் ஏதாவது ஒன்றே ஒன்று என்று பேசி முடிவு செய்வது இன்னொன்று. விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தால் நோன்பு முறியாது என்பதை எல்லோரிடமும் சொல்லுங்கள். 70-க்குக் கீழே இறங்கினாலோ 300-க்கு மேலே போனாலோ அன்றைய நோன்பை விட்டுவிட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இதைப் பயமுறுத்தாமல் சொல்ல வார்டிலுள்ள ஓர் இத்தாவின், அதாவது முஸ்லிம் அக்காவின், துணையைக் கேட்டுக்கொள்ளுங்கள். என் வாயில் வருவதைவிட அவர்கள் சொன்னால் நூறு மடங்கு நன்றாகச் சென்றுசேரும்.

கர்க்கிடக மாதம், நம் ஆடி, வந்தால் மருந்துக் கஞ்சியும் உலுவக் கஞ்சியும் பற்றிக் கேளுங்கள். உலுவ என்றால் வெந்தயம். பிரசவ வார்டில் லேகியம் பற்றி, அதில் எவ்வளவு வெல்லம் என்று.

படிக்க என்ன என்று கேட்டீர்கள். 528 உணவுகளின் சத்துக் கணக்கு இருக்கும் 2017-ஆம் வருட இந்திய உணவுச் சத்து அட்டவணையும், 2024-இல் ஐ.சி.எம்.ஆர். வெளியிட்ட உணவு வழிகாட்டியும் கையில் இருக்கட்டும். அட்டவணையில் பத்திரி இருக்காது, அரிசிமாவு இருக்கும். கணக்கை நீங்கள்தான் கட்ட வேண்டும். மலையாள எழுத்தைக் கற்றுக்கொள்ள ஒரு மாதம் தாராளம், தமிழ் தெரிந்தவருக்கு அது சிரமமே இல்லை. கேஸ் ஷீட் இங்கிலீஷில் இருக்கும். வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் டயட் சார்ட்டை மலையாளத்தில்தான் படிப்பார்கள்.

உங்கள் சொந்தச் சாப்பாட்டைப் பற்றி அதிகம் கவலைப்பட ஒன்றுமில்லை. புட்டு, கடலை, அப்பம், ஓலன், அவியல், பயறு என்று சைவம் நிறைய உண்டு. ஹோட்டலில் ஊண் சாப்பிடும்போது கேட்காமலே மீன்சாறு ஊற்றிவிடுவார்கள், இலை போட்டதும் ‘மீன் வேண்டா’ என்று சொல்லிவிடுங்கள். எடை கூடிவிடும் என்று பயந்து பட்டினி கிடக்காதீர்கள். மிட்டாய்த் தெருவுக்குப் போங்கள், ஹல்வாவை ஒரு துண்டு வாயில் போட்டு அந்த மைதாவும் சர்க்கரையும் தேங்காய் எண்ணெயும் நாக்கில் எப்படி நிற்கிறது என்று பாருங்கள். அதை விடச் சொல்லப்போகிற ஆள் எதை விடச் சொல்கிறோம் என்று தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

பெட்டியில் மறக்காமல் ஒரு சின்ன கிச்சன் தராசு வையுங்கள். ஜூன் மாதம் சேர்வதாக இருந்தால் இரண்டு குடையும். முதல் நாள் கிச்சனுக்குப் போனதும் ஒரு முழுக் குற்றி புட்டையும், ஒரு பத்திரியையும், அந்தச் சேட்டனின் கயிலில் ஒரு கயில் கறியையும் நிறுத்து, நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.